எழும்பூர் ஆவணக் காப்பகம்: பாளையக்காரர் காலத்து முன்னோரைத் தேடிப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலி, தூத்துக்குடி, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும். பாட்டனுக்குப் பாட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் இருந்தவர், அல்லது மருது பாண்டியரிடம் கணக்கு எழுதியவர் என்று. அந்தக் கதைக்குக் காகிதத்தில் ஆதாரம் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909ல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கி, 1973ல் இன்றைய பெயரைப் பெற்ற இடம். 1780க்கும் 1803க்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த ஒருவரைத் தேடுவதற்கு இந்த இடம் எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், அந்தக் காலத்துக்கு இதைவிட வளமான சேமிப்பு தமிழ்நாட்டில் வேறில்லை. ஆனால் முன்னோரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஊர், நிலம், மானியம், செய்த வேலை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு, பிந்தைய ஆண்டிலிருந்து முந்தைய ஆண்டை நோக்கி நடக்க வேண்டும்.

ஏன் என்றால், கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் ஆட்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னரும் கவுன்சிலும் கூடும் நாளில் எந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதோ, அது அந்த நாளின் நடவடிக்கைக்குள் அப்படியே நகல் எடுத்து வைக்கப்பட்டது. இதற்குக் கன்சல்டேஷன்ஸ் என்று பெயர். ராணுவத்துறைத் தொகுதிகள் 1752லிருந்தும், ரெவின்யூத் துறைத் தொகுதிகள் 1774லிருந்தும் வரிசையாக வருகின்றன. 1786ல் ரெவின்யூ போர்டு ஏற்பட்டதும் அதற்கெனத் தனி வரிசை தொடங்குகிறது. இவற்றில் பொருளடைவு உண்டென்றால், அது கடிதம் அனுப்பிய அதிகாரியின் பெயரிலும் விஷயத்தின் பெயரிலும்தான் இருக்கும். கலெக்டர் ஜாக்சன் இருப்பார், லஷிங்டன் இருப்பார், உங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை இருக்க மாட்டார். அவர் அந்தக் கலெக்டரின் கடிதத்தோடு இணைத்த வாக்குமூலத்தின் நடுவில், ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தில் இருப்பார்.

அதனால் முதல் நாளே 1799ஆம் ஆண்டுத் தொகுதியைக் கேட்டு வாங்காதீர்கள். இனாம் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

1858ல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், சென்னை மாகாணத்தில் வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ அனுபவிக்கப்பட்ட ஒவ்வொரு மானியத்தையும் ஊர் ஊராக விசாரித்தது. அந்த விசாரணையின் முடிவுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். கோவில் நிலம் பற்றிய வழக்குகளில் வக்கீல்கள் இன்றும் இதன் நகலைத்தான் முதலில் தேடுகிறார்கள். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கும் இதுதான் பொன் சுரங்கம். இரண்டு பக்கமும் விரிந்த அகலமான தாளில் இருபதுக்கும் மேற்பட்ட பத்திகள். இடப்பக்கத்தில் மானியத்தின் வகை, நிலம் நஞ்சையா புஞ்சையா, பரப்பு, ஜோடி என்ற குறைந்த தீர்வை எவ்வளவு என்பவை இருக்கும். அடுத்துவரும் பத்திகளை விரல் வைத்துப் படியுங்கள்: யார் கொடுத்தது, எந்த ஆண்டு, சாசனமோ சன்னதோ (அரசு கொடுத்த உரிமைப் பத்திரம்) இருக்கிறதா, முதலில் பெற்றவர் பெயர், முந்தைய பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்குகளில் பதிவான பெயர், இப்போது அனுபவிப்பவர், அவருடைய வயது, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு.

இந்தக் கடைசி மூன்று விவரங்களும் சேர்ந்தால் 1860களிலிருந்து 1780களுக்கு ஒரே பக்கத்தில் பாலம் போட்டுவிடலாம். 1862ல் விசாரிக்கப்பட்டவருக்கு வயது 60 என்றால் அவர் பிறந்தது 1802 வாக்கில். அவருடைய அப்பா 1770களின் பிற்பாதியில் பிறந்திருக்கலாம். மானியம் பெற்றவர் அவருடைய தாத்தா என்று எழுதியிருந்தால், பாளையக்காரர் போர்கள் நடந்தபோது அந்தத் தாத்தா நடுவயதைத் தாண்டியவர். வயது 50, 55, 60 என்று முழுமையாக நிற்பதைப் பார்த்தால் அது உத்தேசம் என்று கொள்ளுங்கள். ஐந்தாறு வருஷம் முன்பின் இருக்கலாம். கொடுத்தவர் பத்தியில் நவாப், பாளையக்காரர், சேதுபதி, திருமலை நாயக்கர் என்று எது இருக்கிறதோ அதை வைத்து அடுத்த தேடலின் திசை முடிவாகும். ஒரு எச்சரிக்கை: சாசனம் கிடையாது, நெடுங்கால அனுபவம் மட்டுமே என்று இருக்கும் பதிவுகளில் கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் ஊரில் வழங்கிய சொல். அதற்கு ஆவணத்தின் எடை கொடுக்க வேண்டாம்.

இந்த வழி அடைபடும் இடமும் ஒன்று உண்டு. சிவகங்கை, இராமநாதபுரம், எட்டயபுரம் போன்ற ஜமீன் எல்லைக்குள் இருந்த ஊர்கள். இராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் 1803ல் நிரந்தர செட்டில்மென்ட் சன்னது கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பே இருந்து, ஜமீன் வருமானக் கணக்கில் சேராமல் விடப்பட்ட மானியங்களை மட்டுமே இனாம் கமிஷன் தொட்டது. ஜமீன்தார் பிறகு கொடுத்தவையும், ஜமீனுக்குள்ளேயே ஊழியத்துக்காக விடப்பட்டவையும் இந்தப் பதிவேட்டில் வராது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948ல். ஆகவே அந்த ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசாங்கம் உழவரிடம் நேராக வரி வைக்கும் முதல் ரயத்துவாரி செட்டில்மென்ட் பதிவேடே அதற்குப் பிறகுதான். நடுவிலுள்ள நூற்றைம்பது வருஷக் கணக்கு ஜமீன் கச்சேரியில் கிடந்தது. ‘எங்க ஊருக்குப் பதிவே இல்லையே’ என்று பலர் சோர்ந்துபோவது இதனால்தான். ஆவணம் தொலைந்துவிடவில்லை, அந்த வகை ஆவணமே அந்த ஊருக்கு எழுதப்படவில்லை.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு வழக்குக் கட்டுகள் கைகொடுக்கும். சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863ல் கட்டம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் வம்ச விருட்சமும் சாட்சிகளின் வாக்குமூலமும் கட்டாயம் சேர்க்கப்படும். அரண்மனைக் குடும்பம் அல்லாதவர்களும் சாட்சிகளாக, ஊழியர்களாக அங்கே பேசுகிறார்கள்.

இனி 1780, 1790களுக்குள் நுழையலாம். இங்கே முதலில் கேட்க வேண்டியது, அந்த வருஷம் அந்த ஊரில் வரி வாங்கியது யார் என்பது. திருநெல்வேலிச் சீமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1781 வரை நவாப் முகமது அலியின் ஆட்கள். ஹைதர் அலியோடு நடந்த போர்ச் செலவுக்காக 1781 டிசம்பரில் கர்நாடக வருவாயை நவாப் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அந்தக் காலத்துக்கு ‘அசைன்டு ரெவின்யூ’ கமிட்டியின் தாள்கள் இருக்கின்றன. 1785ல் திரும்பவும் நவாப் கைக்குப் போனது. 1790ல் மைசூர்ப் போரை ஒட்டிக் கம்பெனி மறுபடி எடுத்துக்கொண்டது. 1792 ஒப்பந்தத்தின்படி பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் என்ற கப்பம் வாங்கும் உரிமை கம்பெனிக்கு வந்தது. 1801 ஜூலை 31ஆம் தேதி ஒப்பந்தத்தோடு முழு நிர்வாகமும் கம்பெனியுடையதாயிற்று. இதைத் தெரிந்துகொண்டால் 1785க்கும் 1790க்கும் இடையில் ஊர் அளவிலான ஆங்கிலக் கணக்கு ஏன் அவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பது விளங்கும். அந்த இடைவெளியில் நாள்கணக்காக உட்கார்ந்து தேடுவது வீண்.

மாவட்டவாரியாகவும் நிலைமை மாறும். சேலம், திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் அதிர்ஷ்டசாலிகள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்கு வந்ததால், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் பாரமகாலில் நிலத்தை அளந்து எழுதிய கணக்குகள் அந்தப் பத்தாண்டுக்கே கிடைக்கின்றன. பாரமகால் ஆவணங்கள் அச்சிலும் வந்திருக்கின்றன, கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு மராட்டிய அரண்மனையின், மோடி என்ற பழைய மராட்டி எழுத்தில் உள்ள ஆவணங்கள் உண்டு. அவற்றுக்குச் சரசுவதி மகாலுக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டும். மோடி படிக்கத் தெரிந்தவர் துணை இல்லாமல் ஒரு வரியும் நகராது. எழும்பூரில் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள், அவற்றில் பெரும்பகுதி கொச்சி டச்சு நிர்வாகத்தினுடையது என்பதை மனத்தில் கொள்ளவும். தூத்துக்குடி, நாகப்பட்டினக் குடும்பங்களுக்கு அங்கே கிடைப்பது குறைவு.

தொகுதியைக் கேட்கும் முன் மாவட்ட ஆவண வழிகாட்டிகளைப் பார்த்துவிடுவது நல்லது. திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர், சேலம் எனப் பல மாவட்டங்களுக்கு, பெரும்பாலும் 1835 வரையுள்ள கலெக்டர் அலுவலகத் தொகுதிகளின் சுருக்கத்தை ரெக்கார்ட் ஆபீஸ் அச்சிட்டு வைத்திருக்கிறது. இவ்வளவு உபயோகமான நூல்வரிசையை வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவது வருத்தம் தருகிறது. திருநெல்வேலிக்கான வழிகாட்டி 1796லிருந்து தொடங்குகிறது. தொகுதி எண், தேதி, விஷயம் மூன்றையும் அதிலிருந்து குறித்துக்கொண்டு போனால் கோரிக்கைச் சீட்டு எழுதுவது எளிது. ‘1799 கட்டபொம்மன் சம்பந்தமான எல்லாம்’ என்று சீட்டில் எழுதினால் யாராலும் எதையும் எடுத்துத் தர முடியாது. துறை, கன்சல்டேஷன் தேதி, தொகுதி எண் என்று எழுத வேண்டும்.

தேதியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கடிதம் எழுதப்பட்ட நாள் ஒன்று, கோட்டையில் வாசிக்கப்பட்ட நாள் வேறு. தொகுதி அடுக்கப்பட்டிருப்பது வாசித்த நாளின்படி. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. அதைப் பற்றித் தெற்கிலிருந்து தபாலில் போன கடிதத்தைத் தேடுகிறவர் அதற்கடுத்த வாரங்களின் தொகுதிகளைப் புரட்ட வேண்டும். கடிதத்துக்குள் ‘இன்ஸ்டன்ட்’ என்று இருந்தால் நடப்பு மாதம், ‘அல்டிமோ’ என்றால் சென்ற மாதம். ராணுவ நடவடிக்கை ராணுவத்துறையிலும், பாளையத்தின் வரி, பறிமுதல், பங்கீடு ஆகியவை ரெவின்யூவிலும் கிடக்கும். ஒரே சம்பவத்துக்கு இரண்டையும் பார்க்காமல் எழுந்து வரக் கூடாது.

தமிழ்க் கணக்குகளின் ஆண்டு இன்னொரு பொறி. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு தொடங்கும்: பசலி 1211 என்றால் 1801-1802. திருநெல்வேலிப் பக்கத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு ஆவணி முதல் 824, தை தொடங்கிய பின் 825 கூட்ட வேண்டும். அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால் இருமடங்கு கவனம் தேவை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது சித்தார்த்தி வருஷம். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட 1801 துன்மதி வருஷம். அடுத்த துன்மதி 1861, அதாவது இனாம் விசாரணை நடந்துகொண்டிருந்த சமயம்! ‘துன்மதி வருஷம் ஐப்பசி’ என்று மட்டும் இருக்கும் ஒரு வீட்டுப் பத்திரத்தை 1801ஐச் சேர்ந்தது என்று பெருமையோடு சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன், தாளையும் முத்திரையையும் பாருங்கள். முத்திரைத்தாளில் விக்டோரியா ராணி இருந்தால் அது 1861தான்.

பெயர்க் குழப்பம் இதைவிடப் பெரியது. நம் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். பட்டப்பெயர்களில் இது இன்னும் மோசம். கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது 1783 ஆகஸ்டில். அந்தத் தாள்களில் வரும் கட்டபொம்மன், 1790ல் பட்டத்துக்கு வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் அல்ல, அவருடைய தந்தை. ‘எங்கள் முன்னோர் வீரபாண்டியருக்கு 1783ல் ஊழியம் செய்தார்’ என்று எழுதப்பட்டுவிட்ட குடும்ப வரலாறுகள் இந்த ஒரு விஷயத்தில் தவறிவிடுகின்றன. கம்பெனி எழுத்தர்கள் ஊரின் பெயரை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். சிவகங்கை ‘ஷெவகங்கா’ ஆகும், திருநெல்வேலி ‘டின்னவெலி’ ஆகும். உங்கள் ஊர்ப் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து, தமிழ் தெரியாதவர் அதை எத்தனை விதமாக எழுதக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மொழிபெயர்த்த வாக்குமூலங்களில் தகப்பன் பெயர் விட்டுப்போய், சாதிப் பட்டமே பெயர்போல நிற்பதும் உண்டு. பிள்ளை என்றும் நாயக் என்றும் மட்டும் இருந்தால் அது யார் என்று ஊரையும் வேலையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாதாரண மனிதர்கள் பெயரோடு வெளிப்படும் இடங்கள் சில உண்டு. 1799ல் கம்பெனியின் மேஜர் பானர்மேனின் படையெடுப்புக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, குளத்தூர், காடல்குடி, கோலார்பட்டி ஆகிய பாளையங்கள் பறிமுதலாயின. அவற்றின் ஊர்களைப் பிரித்துக் கொடுத்தபோது ஊர்ப்பட்டியல் எழுத வேண்டியிருந்தது. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய சம்பவமும், மருது சகோதரர்களின் காளையார்கோவில் 1801 அக்டோபர் 1ஆம் தேதி கம்பெனிப் படையிடம் விழுந்ததும் விசாரணைகளைக் கொண்டுவந்தன. 1802 தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட 70க்கும் மேற்பட்டவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும், சிவகங்கை வேங்கன் பெரிய உடையணத் தேவரும் இருந்தார்கள். மற்றவர்களில் பலர் ஊர் மட்டத்துத் தலைவர்களும் சேர்வைக்காரர்களும். முன்னோர் ஒருவர் ‘கப்பலேற்றப்பட்டார்’ என்ற செய்தி குடும்பத்தில் இருந்தால் 1801 கடைசியிலிருந்து 1802 வரையுள்ள ராணுவ, ரெவின்யூத் தொகுதிகளிலிருந்து ஆரம்பியுங்கள். தேசகாவல் (வட்டாரக் காவல்), தலக்காவல் (ஊர்க்காவல்) உரிமையில் இருந்த குடும்பங்களுக்கு, அந்தக் காவல் வரும்படி ஒழிக்கப்பட்டபோது எழுந்த கடிதப் போக்குவரத்து நல்ல களம்.

தொகை வரும் இடங்களில் அவசரப்பட்டு இன்றைய ரூபாயாக மாற்றாதீர்கள். கம்பெனிக் கணக்கு நட்சத்திர வராகன் என்ற பொற்காசில் இருக்கும். கம்பெனிக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், பிற்காலத்தில் மூன்றரை ரூபாய். ஆனால் தெற்கே சக்கரமும் பிற வராகன்களும் புழங்கின, அவற்றின் மதிப்பு வேறு. நெல் கணக்கில் திருநெல்வேலிக் கோட்டைக்கு 21 மரக்கால். தொகையைப் பார்த்த அளவிலேயே, எந்த நாணயம் என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள்.

கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்வது பற்றி: அனுமதிக்கு விண்ணப்பம், அடையாளச் சான்று, என்ன தேடுகிறீர்கள் என்ற விவரம் வேண்டும். நிறுவனப் பரிந்துரைக் கடிதம் தேவையா, நகல் கட்டணம் எவ்வளவு, படம் எடுக்கலாமா என்பவற்றை வெளியூரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள், விதிகள் மாறும். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். இருநூறு வருஷத் தாள் ஓரத்தில் நொறுங்கும். பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்துப் புரட்டாமல், உள்ளங்கையைத் தாளுக்கு அடியில் கொடுத்துத் திருப்ப வேண்டும். கையெழுத்து முதலில் மிரட்டும். இரட்டை ‘எஸ்’ வரும் இடத்தில் முதல் எழுத்து ‘எஃப்’ போல நீண்டு நிற்கும். அது பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. குறிப்பு எடுக்கும்போது துறை, தொகுதி எண், தேதி, பக்கம் நான்கையும் ஒவ்வொரு குறிப்புக்கும் தலையில் எழுதுங்கள். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பிறகு சான்றிட்ட நகல் கேட்க முடியாது.

எழும்பூரில் கிடைக்காத ஒன்று, அந்தக் காலத்து மக்கள் தமிழில் சொன்ன சொல். மனுக்களும் வாக்குமூலங்களும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே தொகுதிகளில் இருக்கின்றன, மூலம் பெரும்பாலும் இல்லை. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலுள்ள மெக்கன்சி சேகரிப்பு. காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் எழுதி வாங்கிய கைபீதுகளும் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்), பாளையப்பட்டு வம்சாவளிகளும் அதில் உண்டு. வம்சாவளிகள் அச்சிலும் வந்துள்ளன. படிக்கச் சுவையானவை. ஆனால் பாளையக்காரர்கள் தங்கள் உரிமையைக் கம்பெனிக்கு நிலைநாட்ட வேண்டிய காலத்தில் சொல்லப்பட்டவை அவை. தாத்தா, அப்பா வரை நம்பலாம்; பாண்டியன் காலத்துக்குப் போகும் தலைமுறைகளை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

வேண்டிய தொகுதி படிக்க முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தால் அதோடு தேடலை நிறுத்திவிட வேண்டாம். மதராஸ் கன்சல்டேஷன்களின் நகல் ஒன்று அப்போதே கப்பலில் லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘பி’ (P) வரிசையில் இருக்கிறது. 1796 முதல் ஒவ்வொரு விவகாரத்துக்கும் தாள்களைத் திரட்டி வைத்த ‘போர்ட்ஸ் கலெக்ஷன்ஸ்’ என்னும் ‘எஃப்/4’ வரிசையும் அங்கேதான். எழும்பூரில் குறித்துக்கொண்ட துறையையும் கன்சல்டேஷன் தேதியையும் கொடுத்தால் அங்கே அதே பக்கத்துக்கு நகல் கேட்கலாம்.